நாற்பத்தேழாம் எண் வீட்டு ஜன்னல்

மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பதினாறு வருடமாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தை, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஏரிமுக அழகு ஆணையம் சுற்றுலாப் பயணியாக நியமித்தது.

நியமன உத்தரவில் இரண்டு முத்திரைகள் இருந்தன. தொழிற்சாலை மேலாளர் அதைப் படித்துப் பொருள் சொன்னார். மைசூரின் ஓரத்தில் கொக்கரெகட்டெ ஏரிக்கரையில் நூற்றுப்பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன அல்லவா? ஆணையத்தின் தலைவர் இரண்டு வருடத்துக்கு முன்பு வெளிநாட்டுக்குப் போய், ஏரிக்கரையில் ஒரு வண்ண ஊரைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் புடைப்புச் சிற்பம் செய்து வர்ணம் தீட்டியிருந்தார்களாம். வீடுகளைப் பார்த்து முடிப்பதற்குள் விமானத்துக்கு நேரமாகிவிட்டதால், அந்த வீட்டுக்காரர்களை அவர் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் கொக்கரெகட்டெக்கு வர்ணபுரி என்று பெயர் வைத்தார். இப்போது வர்ணபுரி நாட்டின் அழகான ஏரிக்கரை ஊருக்கான போட்டியில் நிற்கிறது. டில்லியிலிருந்து குழு வருகிறது. நூறு மதிப்பெண்ணில் நாற்பது, ஒரு சாமானியர் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தரும் திருப்திச் சான்றிதழுக்கு.

“அந்தச் சாமானியர் நீங்கதான்” என்றார் மேலாளர்.

தொழிற்சாலை முதலில் மூன்று பேரின் பெயரைத்தான் அனுப்பியிருந்தது. ஒருவர் பட்டப்படிப்பு முடித்திருந்ததால் சாமானியர் இல்லை என்று ஆணையம் தள்ளிவிட்டது. இன்னொருவர் நேர்காணலிலேயே அங்கே கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டார். மூன்றாமவர் பஞ்சவர்ணம். அவள் எதுவும் கேட்கவில்லை.

அரை நாள் பயிற்சி இருந்தது. பயிற்சி கொடுத்தவர் ஆணையத்தின் ஒருங்கிணைப்பு அதிகாரி சுரேந்தர். மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன். பேச்சில் பாதி கன்னடம்.

“அக்கா, வீட்டப் பார்த்ததும் மொதல்ல நிக்கணும். ஆமேலே கை வாய்க்குப் போகணும். சொல்ப லேட்டானாலும் பர்வாகில்ல. ஆனா கண்ணு சுருங்கக் கூடாது. கண்ணு சுருங்கினா டவுட்டுன்னு அர்த்தம்.”

“மூக்கு?” என்று கேட்டாள் பஞ்சவர்ணம். கொக்கரெகட்டெ ஏரியின் வாசம் அவளுக்குத் தெரியும். கம்பெனி பஸ் அந்தப் பக்கமாகப் போகும்போது எல்லோரும் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள்.

“மூக்குக்கு ட்ரெய்னிங் இல்லக்கா. ஒன்பதே முக்காலுக்குள்ள ஏரியக் காட்டிடுவோம். காத்து அதுக்கப்புறம்தான் திரும்பும்.”

இதையெல்லாம் கேட்டு அவள் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அன்று சாயங்காலம் அவள் கணவன் இராமச்சந்திரன், தன் செக்யூரிட்டி யூனிஃபார்மைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, அவளுடைய பட்டுப்புடவையைத் தேய்த்துக் கொடுத்தான்.

“பதினாறு வருஷத்துல சாம்பார்ல உப்பு சரியான்னு நான்தான் எல்லாரையும் கேட்டிருக்கேன். எனக்கு என்ன தோணுதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல” என்றாள் அவனிடம்.

இன்னொன்றும் இருந்தது. இது நல்லபடியாக முடிந்தால் நிரந்தரப் பணியாளர் பட்டியலில் அவள் பெயரைச் சேர்ப்பது பற்றி யோசிக்கலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். யோசிக்கலாம் என்பதுதான் அவர் சொன்ன சொல். அவள் காதில் அது சேர்த்தாகிவிட்டது என்று விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு அவளை வர்ணபுரியில் இறக்கினார்கள். கழுத்தில் ‘மாதிரிப் பயணி’ என்ற அட்டை தொங்கியது. முன்னால் சுரேந்தர், பின்னால் தலைவர், அவருக்குப் பின்னால் டில்லிக்காரர்கள் நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் தொழிற்சாலை மேலாளர்.

ஊர் அழகாகத்தான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. மஞ்சள் வீடு, கத்தரிப்பூ நிற வீடு, கிளிப்பச்சை வீடு என்று ஏரியைப் பார்த்து வரிசையாக நின்றன. பயிற்சியே இல்லாமல் அவள் கை வாய்க்குப் போனது. டில்லிக்காரர் ஒருவர் குறித்துக்கொண்டார்.

அந்தந்த வீட்டுக்காரரின் தொழிலை முகப்பில் சிற்பமாக வைக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. ஆனால் தொழில் பார்வைக்கு இதமாக இருக்க வேண்டும் என்பது உபவிதி. அதனால் சாக்கடை அடைப்பு எடுப்பவரின் வீட்டில் இரண்டு அன்னங்கள் நீந்தின. இடித்த கட்டடத்தின் கழிவை அள்ளுகிறவர் வீட்டில் அம்பாரியோடு யானை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் மூவர் இருந்த வீட்டில் மூன்று தேவதைகள், கையில் துடைப்பம் இருக்க வேண்டிய இடத்தில் வீணை. வேலை கிடைக்காமல் இருந்த ஒருவனுக்குத் தாமரை மொட்டு.

“மொட்டுன்னா இனிமே மலரும்னு அர்த்தம்” என்றார் சுரேந்தர்.

“வீட்டுல யாரையும் காணோமே” என்றாள் பஞ்சவர்ணம்.

“இருக்காங்கக்கா. முன்பக்கக் கதவ விசிட்டிங் டைம்ல தொறக்கக் கூடாது. அவங்க பின்னால போய்ப் பின்னால வருவாங்க. துணி காயப்போடறதுக்கும் கலர் அட்டவணை குடுத்திருக்கோம். சண்டே மஞ்சள் மட்டும்.”

ஒரு கொடியில் மஞ்சளாக ஒரே ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

நாற்பத்தேழாம் எண் வீட்டின் முன்னால் எல்லோரும் தாமாகவே நின்றார்கள். நீலச் சுவர். நடுவில் சிமெண்டில் இழைத்த ஒரு ஜன்னல். இரண்டு கதவும் விரியத் திறந்தது போல, வெள்ளைத் திரை காற்றில் எழும்பியது போல, விளிம்பில் ஒரு பஞ்சவர்ணக்கிளி உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பது போல. தொட்டுப் பார்க்கும்வரை அது ஜன்னல் இல்லை என்று தெரியாது. அவள் பெயரும் கிளியின் பெயரும் ஒன்று என்பதைச் சுரேந்தர் டில்லிக்காரர்களுக்கு விளக்க, அவர்கள் அவளை அந்தக் கிளியின் அருகே நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

வெயில் ஏறிவிட்டது. பஞ்சவர்ணத்துக்குத் தாகம். பயணிக்குத் தாகமெடுத்தால் என்ன செய்வது என்று திட்டத்தில் இல்லை. குழு அடுத்த வீட்டுக்கு நகர்ந்த நேரத்தில் அவள் இரண்டு வீடுகளுக்கு நடுவே இருந்த சந்தில் நுழைந்து பின்பக்கம் போனாள்.

பின்பக்கத்தில் வர்ணம் இல்லை. பூசாத செங்கல், கணுக்கால் வரை கறுப்புச் சேறு, அதன்மேல் நடக்கப் போட்ட பலகைகள். நாற்பத்தேழாம் வீட்டுப் பின்வாசலில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கழுத்து அட்டையைப் பார்த்து எழுந்து நின்றாள்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

தமிழைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. “அட, நம்மாளுங்களா? உள்ள வாங்க்கா. பலகையில பாத்துக் கால் வையுங்க, வழுக்குமுங்க.”

அவள் பெயர் கனகா. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கம் கௌதள்ளிக்காரர்கள். பன்னிரண்டு வருடமாக இங்கே. உள்ளே நுழைந்ததும் பஞ்சவர்ணத்துக்குக் கண் தெரியவில்லை. பகல் ஒன்பதரை மணிக்கு ஒரு பல்பு எரிந்தது. அதன் கீழே கட்டிலில் முதுகைச் சுவரில் சாய்த்து ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பது போல இழுத்தான்.

“எங்கூட்டுக்காரருங்க. சென்னப்பன். கல்லு அறுக்கற மிசினுல இருந்தாரு. நெஞ்செல்லாம் தூசி சேந்துபோச்சுங்க” என்றாள் கனகா. “அந்தச் செவுத்துலதான் சன்னல் இருந்துச்சு. நாளெல்லாம் அதுல மூஞ்சிய வெச்சுட்டு உக்காந்திருப்பாரு. ஏரி நாத்தந்தான், ஆனாலும் காத்து பாருங்க. செலைக்கு நடுவுல ஓட்டை இருந்தா அழகு போயிருமாமா. அடைச்சுப்போட்டாங்க. அதையும் இவரையே வெச்சு அடைச்சாங்க. நீ கட்டட வேலை தெரிஞ்சவந்தானே, வெளியாள் எதுக்குன்னாங்க.”

சென்னப்பன் லேசாகச் சிரித்தான். பேச மூச்சு போதவில்லை.

கனகா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அந்த அட்டையைக் காட்டிக் கேட்டாள். “நீங்க எழுதிக் குடுத்தாத்தான் செல்லுமுன்னு பேசிக்கறாங்க. நெசமுங்களா?”

“ஆமா. நாப்பது மார்க்கு.”

“அப்ப ஒரே ஒரு வரி எழுதுங்க்கா. நாப்பத்தேழாம் நம்பர் சன்னலத் தொறந்து உடச் சொல்லி. வேற ஒண்ணும் வேண்டாமுங்க.”

“எழுதறேன்” என்றாள் பஞ்சவர்ணம். சொல்லும்போது எழுதத்தான் நினைத்தாள். மோரைக் குடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பத்து மணிக்குப் பந்தலில் விழா. அவளுக்கு மாலை போட்டு மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தலைவர் கன்னடத்தில் பேசினார்.

“நாங்கள் வந்தபோது இங்கே வீடுகள் இருந்தன, முகங்கள் இல்லை. முகங்களைக் கொடுத்தது ஆணையம். ஒன்றை நான் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். சுவரின் முன்பக்கம் பொதுமக்களுடையது. பின்பக்கம் அவர்களுடையது, அதில் நாங்கள் ஒருபோதும் தலையிட்டதில்லை. பின்பக்கத்துக்குச் சாக்கடை கேட்டு நான்கு மனுக்கள் வந்தன. நான்கையும் உறை பிரிக்காமலே திருப்பி அனுப்பினோம். மக்களின் அந்தரங்கத்தை நாங்கள் அவ்வளவு மதிக்கிறோம்.”

டில்லிக்காரர்கள் கைதட்டினார்கள்.

சுரேந்தர் சான்றிதழ்ப் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதில் நான்கு கட்டங்கள்: மகிழ்ச்சி, பெருமகிழ்ச்சி, பேரானந்தம், சொல்ல வார்த்தை இல்லை. கீழே ‘குறிப்பு’ என்று ஒரே ஒரு வரிக்கு இடம். அந்த வரியைப் பார்த்ததும் பஞ்சவர்ணம் பேனாவைத் திறந்தாள்.

தமிழில் எழுதினாள். “47-ஆம் நம்பர் வீட்டு ஜன்னல்” என்று எழுதி நிமிர்ந்தாள்.

“ஜன்னலா?” என்று எட்டிப் பார்த்த சுரேந்தர், மைக்கில் கன்னடத்தில் அறிவித்தார். “நம்முடைய பயணிக்கு மிகவும் பிடித்தது நாற்பத்தேழாம் எண் வீட்டு ஜன்னல்.”

பந்தல் முழுவதும் கைதட்டியது. தலைவர் எழுந்து அவளைப் பார்த்துக் கைகூப்பினார். டில்லிக்காரர் ஒருவர் குனிந்து கிளியைப் பற்றி ஏதோ சொன்னார். மேலாளர் முதல் வரிசையிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வரி இன்னும் முடியவில்லை. பேனா தாளில் இருந்தது. ஒரு சொல் மிச்சம்: திறக்கணும்.

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்தது. அந்தச் சொல்லை எழுதக் கையும் இருந்தது. அத்தனை பேர் முகங்களும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அப்படி அவளைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அதைக் கலைக்க மனம் வரவில்லை.

“ரொம்ப அழகு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வர்ணபுரி முதல் பரிசு வாங்கியது. வாங்கிய கையோடு ஆணையம் கூடி, சாமானியரின் எழுத்துப்பூர்வமான விருப்பத்தை நிறைவேற்றுவது தன் கடமை என்று தீர்மானம் போட்டது. மற்ற நூற்றுப்பதினொரு வீடுகளிலும் ஏரிப்பக்கத்து ஜன்னல்களை அடைத்து, அதே இடத்தில் கிளி உட்கார்ந்த அதே ஜன்னலைச் சிற்பமாக வைக்க வேண்டும். திட்டத்தின் பெயர் பஞ்சவர்ண ஜன்னல் திட்டம். ஹெப்பாள் திருப்பத்தில் இருபதடி உயரப் பலகை வைத்தார்கள். அதில் அவள் படமும் கிளியின் படமும் இருந்தன. ‘ரொம்ப அழகு’ என்று அவள் கையெழுத்தையே பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள்.

தினமும் இரண்டு முறை பஸ் அந்தப் பலகையைத் தாண்டியது. முதல் நாள் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் நாள் மறுபக்கம் உட்கார்ந்தாள். மூன்றாம் நாளிலிருந்து முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிக் குறுக்குவழியாக நடந்தாள்.

கேன்டீனில் எல்லோரும் அவளை வாழ்த்தினார்கள். வீட்டில் அவள் ஜன்னலோரம் உட்காருவதை விட்டாள். சமைக்கும்போது புகை சூழ்ந்தாலும் ஜன்னலைத் திறக்கவில்லை.

“நீ ஜன்னலச் சாத்தி வெச்சா அந்த மனுஷனுக்கு என்ன ஆகப்போகுது?” என்று இராமச்சந்திரன் கேட்டான். நடந்ததை அவள் அவனிடம் சொல்லியிருந்தாள்.

“ஒண்ணும் ஆகாது. தெரியும்.”

“அப்ப போய்த் திருப்பி வாங்கிட்டு வா. எழுதினது நீதானே.”

அவள் விடுப்புப் போட்டுவிட்டு ஆணையத்துக்குப் போனாள். சுரேந்தர் எழுந்து நாற்காலி போட்டார். வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முகம் குழம்பியது.

“திருப்திய வாபஸ் வாங்கறதுக்கு ஃபார்ம் இல்லக்கா.”

“அதிருப்தின்னு எழுதிக் குடுத்தா?”

“அதிருப்திப் பிரிவுக்கு இன்னும் ஆள் போடல. போட்டாலும் அது பயணிகளுக்கு. பார்க்க வந்த அன்னிக்கே குடுக்கணும்.”

“அந்த வீட்டுக்காரங்க குடுத்தா?”

“அவங்க எப்படி? அவங்க பயணி இல்லையே. அவங்க காட்சிப்பொருள் பிரிவுல வர்றாங்க.” சுரேந்தர் குரலைத் தணித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, புரியவைக்க விரும்பினார். “நீங்களே சொல்லுங்கக்கா. வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு அவங்க வீடு தெரியுமா? தெரியாது. வெளிய நிக்கறவங்களுக்குத்தான் தெரியுது. அப்ப வீடு யாருக்காக?”

பஞ்சவர்ணம் எழுந்தாள். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அங்கிருந்து நேராகக் கொக்கரெகட்டெக்குப் போனாள். பரிசுக்குப் பிறகு வேலை நாளிலும் கூட்டம். கைப்பேசியை நீட்டிக்கொண்டு வீடு வீடாக நகர்ந்தார்கள். முக்கால்வாசி வீடுகளில் கிளி உட்கார்ந்திருந்தது. அவள் புடவைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டு பின்பக்கச் சந்தில் நுழைந்தாள்.

கனகா அவளைப் பார்த்ததும் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தாள். சண்டைக்குத் தயாராக வந்த பஞ்சவர்ணத்துக்கு அவள் சண்டை போடாதது தாங்கவில்லை.

“நீங்க என்னத்தக்கா பண்ணுவீங்க? நீங்க எழுதித்தான் குடுத்திருப்பீங்க. அவங்க மாத்திப்போட்டாங்க. உங்க படத்தப் போட்டு உங்களையும் ஏமாத்திப்போட்டாங்களேன்னு இவருகிட்டச் சொல்லிட்டு இருந்தேனுங்க. உக்காருங்க, மோரு இருக்குது.”

அப்படியே நம்பட்டும் என்று விட்டுவிட்டுப் போக வழி இருந்தது. மோரைக் கூடக் குடித்துவிட்டுப் போகலாம்.

“வேண்டாம் கனகா. நான் எழுதல” என்றாள்.

“என்னதுங்க?”

“ஜன்னல்னு எழுதினேன். எல்லாரும் கைதட்டினாங்க. பிடிச்சிருக்குன்னு நினைச்சுட்டாங்க. அதுக்கப்புறம் ரொம்ப அழகுன்னு எழுதினதும் நான்தான். யாரும் மாத்தல. அது என் கையெழுத்துதான்.”

கனகா டம்ளரைக் கையில் வைத்திருந்தாள். அதைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். கட்டிலில் சென்னப்பனின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முன்பு பார்த்ததைவிட இளைத்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கிளியோடு படம் எடுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

சென்னப்பன் கையை உயர்த்திக் கட்டிலின் அடியைக் காட்டினான். கனகா குனிந்து ஒரு சுத்தியலையும் உளியையும் எடுத்தாள்.

“கீழேருந்து மூணாவது செங்கல் வரி…” என்றான் அவன், நிறுத்தி நிறுத்தி. “சிமெண்ட கம்மியாப் போட்டுத்தான் வெச்சேனுங்க… என்னிக்காச்சும் தொறக்கோணுமுன்னு.”

கனகா அவற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. பஞ்சவர்ணத்திடம் நீட்டினாள். “நீங்களே இடிங்க” என்றாள். அந்தக் குரலில் அக்கா இல்லை.

நாற்பது லிட்டர் அண்டாவைத் தூக்கிப் பழகிய கை. மூன்றாவது வரியில் உளியை வைத்து அடித்தாள். நாலாவது அடியில் ஒரு செங்கல் அசைந்தது. பத்தாவது அடியில் கிளியின் நெஞ்சு வெளிப்பக்கமாக உதிர்ந்து விழுந்தது. அந்த ஓட்டையில் வளையல் போட்ட கை ஒன்று நீண்டு, பக்கத்துச் செங்கல்லைப் பிடித்து ஆட்டியதை வெளியே நின்ற கூட்டம் பார்த்தது. பிறகு பலமாகக் கைதட்டினார்கள்.

சுரேந்தர் ஓடிவருவதற்குள் ஓட்டை ஒரு முகம் அளவுக்குப் பெரிதாகியிருந்தது. அதில் சென்னப்பனின் முகம் இருந்தது. கண்ணை மூடி, வாயைத் திறந்து, வரும் காற்றையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி நாற்பது கைப்பேசிகள். சுரேந்தர் சிற்பத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், தலைவருக்குப் போன் போட்டார். போலீஸ் வரும் என்று பஞ்சவர்ணம் சுத்தியலோடு காத்திருந்தாள். அரை மணி கழித்துத் தலைவரின் முடிவு வந்தது.

மறுநாள் நாற்பத்தேழாம் எண் வீட்டின் முன்னால் மூன்று மொழியில் பலகை நட்டார்கள்: ‘மூச்சு விடும் மனிதர். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. வெள்ளிக்கிழமை விடுமுறை.’ உடைந்த ஓட்டையைச் சதுரமாக்கிப் பூவேலை செய்தார்கள். சென்னப்பனுக்குச் சரிகை போட்ட மைசூர்த் தலைப்பாகை கொடுத்தார்கள். இருமல் வந்தால் உள்பக்கம் திரும்பி இரும வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ‘வர்ணபுரி இனி மூச்சு விடுகிறது’ என்று தலைவர் ஒரு கூட்டத்தில் பேசினார்.

பஞ்சவர்ணத்தின் படத்தை ஹெப்பாள் திருப்பத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பரிசு பெற்ற சிற்பத்தைச் சேதப்படுத்தியவரை நிரந்தரப் பட்டியலில் சேர்ப்பது சரியாக இருக்காது என்றார் மேலாளர். சாம்பார் வரிசையிலிருந்து பாத்திரம் கழுவும் இடத்துக்கு மாற்றினார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். தண்டனையைக் குறைவாகத்தான் கொடுத்தார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி கொக்கரெகட்டெக்குப் போனாள். வரிசையில் நின்று போக மனமில்லாமல் பின்பக்கமாகவே போனாள். கனகா வாசலில் இருந்தாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, நகர்ந்து வழிவிட்டாள். சென்னப்பன் தலைப்பாகையோடு ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். வெளியே ஒரு குழந்தை அவனைப் பார்த்துக் கையசைத்தது. அவன் பதிலுக்குக் கையசைத்தான். அதுவும் ஒப்பந்தத்தில் இருந்தது.

“காத்து வருதுங்களா?” என்று கேட்டாள் பஞ்சவர்ணம். அவர்கள் பேச்சு அவளுக்கும் தொற்றியிருந்தது.

“வருதுங்க” என்றான் திரும்பாமல். “கூச்சமாத்தான் இருக்குது. பாத்துட்டே இருக்கறாங்க. ஆனா வருதுங்க.”

அவளால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. பலகைமேல் கால் வைத்து வெளியே இறங்கியபோது பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பத்தெட்டாம் எண் வீட்டு மல்லம்மா என்று பிறகு தெரிந்தது. ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் கையை வைத்துப் பஞ்சவர்ணத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்கதானே அந்தக் கிளிக்காரி?”

“ஆமா.”

“உங்களாலதான் எங்கூட்டுச் சன்னலும் போச்சு.”

“ஆமா” என்றாள் பஞ்சவர்ணம்.

“இவுங்களுக்காச்சும் நோவு இருக்குது, காட்டி வாங்கிட்டாங்க. எங்கூட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. எல்லாரும் நல்லாத்தான் மூச்சு உடறோம்.” மல்லம்மா கொஞ்சம் தயங்கினாள். “சும்மா ஏரியப் பாக்கோணும். சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து உக்காந்து பாப்பேன். அவ்வளவுதான். அதுக்குத் தொறப்பாங்களா?”

திறக்க மாட்டார்கள் என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். அதற்கு ஆணையத்தில் எந்தப் பிரிவும் இல்லை.

நாற்பத்தேழாம் வீட்டு வாசலிலிருந்து கனகா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். சுத்தியலும் உளியுமாகத் திரும்பி வந்து, சேற்றுக்கு மேல் எட்டி, பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்தாள்.

“இங்க இவரு பூசலீங்க. வேற ஆளு. சிமெண்டு கெட்டியா இருக்கும், பாத்து அடிங்க்கா” என்றாள்.

பஞ்சவர்ணம் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மல்லம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தாள். உள்ளே இருட்டாக இருந்தது. அடைத்த ஜன்னல் சுவரில் எங்கே இருக்கிறது என்று கையால் தடவித் தேடினாள்.